நின்ற வண்டியில் 101 காட்டுவது பழுது இல்லை

மேலே ஒரு நண்பர், "இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போதே மேப் சென்சார் 101 கிலோபாஸ்கல் காட்டுது, 0 காட்டணும், சென்சார் போச்சு, மாத்திடுங்க" என்று எழுதியிருக்கிறார். மாற்றிவிடாதீர்கள். மேப் சென்சார் என்பது இன்ஜினுக்குள் போகும் (இன்டேக்) காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவி. அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

டயருக்குக் காற்றடிக்கும் மீட்டரோடு குழப்பிக்கொண்டதால் வந்த வினை இது. அந்த மீட்டர் வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். பஞ்சரான டயரில் 0 காட்டினாலும் உள்ளே சுமார் 14.7 பிஎஸ்ஐ இருக்கத்தான் செய்யும். மேப் சென்சாரோ வெற்றிடத்திலிருந்து எண்ணுகிறது. உள்ளே மெல்லிய சிலிக்கான் சவ்வு. ஒரு பக்கம் காற்றை உறிஞ்சி மூடிய அறை, மறுபக்கம் இன்டேக் காற்று. சவ்வு வளைந்தால் அதில் பதித்த மின்தடைகள் மாறும், அது வோல்டேஜாக ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்குப் போகும்.

ராயபுரம், காசிமேடு எல்லாம் கடல்மட்டத்தை ஒட்டிய இடம், அதனால் 100, 101 வரும். அதே வண்டியை ஊட்டிக்கு ஏற்றினால் 77, 78 பக்கம் காட்டும். ராயபுரத்தில் நின்று, போனில் பாரோமீட்டர் இருந்தால் பாருங்கள், 1010 ஹெக்டோபாஸ்கல், அதாவது 101 கிலோபாஸ்கல் என்று கிட்டத்தட்ட சென்சார் சொல்வதையே சொல்லும்.

சரி, எப்படிச் சோதிப்பது? டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி என்றால் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) 30, 40க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் முதலில் வேக்குவம் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், அப்புறம் கனெக்டர். எண்ணூர்ப் பக்க உப்புக்காற்றில் பின்கள் பச்சை பூத்துவிடும். என் வண்டிக்கு ஒரு ஷெட்டில் புது சென்சாரே போட்டார்கள். பழையது காட்டிய அதே 101தான் புதியதும் காட்டியது.