பெரியம்மா சொன்னது கதையில்லை

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில், மலைநாட்டுப் பறவை, விலங்குக் கணக்கெடுப்பைப் பற்றிய கூட்டத்தில் நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று இரவு அதே வீடியோவுக்குக் கீழே ஒருவர், "தோட்டத்து ஆட்களுக்கு விலங்குக்குச் சுருக்குக் கம்பி வைக்கத்தான் தெரியும், குருவியைப் பற்றி என்ன தெரியும்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

எழுந்து நின்று பேசியது என் பெரியம்மா. மஸ்கெலியாப் பக்கம் 38 வருஷம் கொழுந்து பறித்தவர். எந்தெந்தப் பறவையும் விலங்கும் மலைநாட்டில் எங்கெங்கே இருக்கின்றன என்று திரையில் ஒரு வரைபடம் போட்டார்கள். கட்டம் கட்டமாகப் பிரித்துப் பச்சை தீட்டியிருந்தது. ஹோர்ட்டன் சமவெளி கடும் பச்சை, நுவரெலியா பச்சை. எங்கள் தோட்டம் இருக்கிற கட்டம் வெறும் வெள்ளை. பெரியம்மா அந்த வெள்ளையைக் கையால் காட்டித்தான் கேட்டார்: "அங்கதானே தம்பி நாங்க இருக்கோம். அந்தக் குருவி எங்க பீலிக்கரையில கத்துமே." பீலிக்கரை என்றால் நாங்கள் தண்ணீர் பிடிக்கும் ஓடைக்கரை. மேடையில் இருந்தவர், "அம்மா, கதையெல்லாம் தேத்தண்ணி நேரத்தில் பேசுவோம், இப்போது தரவைப் பார்ப்போம்" என்றார். சபையில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

அது கதையில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அவர் சொன்ன பறவையை எங்கள் வீட்டில் பீலிக் குருவி என்போம். ஆங்கிலத்தில் அரெங்கா. இந்த இலங்கைத் தீவை விட்டால் உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. அழியும் ஆபத்தில் இருப்பவற்றின் பட்டியலில் இருக்கிறது. மலைக்காட்டில், வேகமாக ஓடும் ஓடைக்குப் பக்கத்தில்தான் வாழும். பயந்த சுபாவம். விடியும் முன்னும் இருட்டுகிற நேரத்திலும் விசில் அடிப்பது போல ஒரு கூரிய சத்தம் போடும், அவ்வளவுதான். சரி, விடியும் முன் ஓடைக்கரையில் யார் நிற்பது? பைனாகுலரோடு வருகிறவர் வருஷத்தில் இரண்டு நாள் நிற்பார். எங்கள் பெண்கள் குடத்தோடு தினமும் நின்றார்கள்.

வெள்ளைக் கட்டத்துக்கு அர்த்தம் அங்கே பறவை இல்லை என்பதல்ல. அங்கே யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதுதான். பறவை பார்க்கிறவர்கள் ரோடு நல்லா இருக்கிற இடத்துக்குப் போகிறார்கள். விக்டோரியா பூங்கா, கல்வேஸ் காடு, ஹோர்ட்டன் சமவெளி. பார்த்ததைப் பதிகிறார்கள். பதிவு கூடக் கூட அந்த இடம் பச்சையாகிறது. பச்சை என்பதால் அடுத்தவரும் அங்கேயே போகிறார். மலைத் தேவாங்கு என்ன ஆனது? 1937-க்குப் பிறகு நான்கே நான்கு தடவைதான் கண்ணில் பட்டது, அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 2009-இல் படம் எடுத்தார்கள். எல்லாரும் போய் வரும் ஹோர்ட்டன் சமவெளியிலேயே அது அத்தனை வருஷம் ஒளிந்திருக்க முடியும் என்றால், யாருமே வராத எங்கள் மலையைப் பற்றி இவ்வளவு உறுதியாக எப்படிப் பேசுகிறீர்கள்?

தரவு தரவு என்கிறீர்களே, ஒரே இடத்தை ஒரே ஆள் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்ப்பதைத்தானே நல்ல கணக்கெடுப்பு என்கிறீர்கள்? கொழுந்து பறிப்பது வேறு என்ன? ஐந்தாம் நம்பர் மலைக்கு ஏழெட்டு நாளைக்கு ஒரு தடவை அதே பெண்கள், அதே நிரையில், அதே நேரத்தில் ஏறுகிறார்கள். கவ்வாத்து வெட்டாமல் காடாய்ப் போன தேயிலைக்குள் சிறுத்தை குட்டி போட்டிருந்தால் முதலில் காண்பது அவர்கள்தான். குளவிக்கூடு எந்த மரத்தில், முள்ளம்பன்றி எந்தப் பக்கம் தோண்டியது, எல்லாம் தெரியும். தெரியாவிட்டால் உயிர் போகும், அதனால் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

2025 மார்ச் 15 ஞாபகம் இருக்கிறதா? பயிரை அழிக்கும் விலங்குகளைக் கணக்கெடுக்க, காலை 8 மணியிலிருந்து 8.05 வரை உங்கள் காணியில் நிற்கிற குரங்கு, மயில், மர அணிலை எல்லாம் எண்ணிச் சொல்லுங்கள் என்று நாடு முழுக்கச் சொன்னார்கள். அந்த ஐந்து நிமிஷக் கணக்கின் குறைகளை ஆய்வாளர்களே சொன்னார்கள், அதற்குள் நான் போகவில்லை. எனக்கு வலித்தது வேறு. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் அம்மாமார் பிரட்டு (காலையில் பெயர் கொடுத்து வேலை பிரிப்பது) முடிந்து மலையில் நிற்பார்கள். லயத்தில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், யார் இருப்பது? அப்புறம், லயத்தில் இருப்பவருக்குக் காணி எங்கே இருக்கிறது?

"ஞாபகம் தப்பும், சாட்சி வேண்டும்" என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் எழுதினார். நியாயம். ஞாபகம் தப்பும்தான். கரிச்சான் மாதிரி ஏதாவது கறுப்புக் குருவியைப் பார்த்திருப்பார் என்றும் சொன்னார். அப்படியென்றால் கேட்டிருக்கலாமே. நான் வீட்டுக்கு வந்து கேட்டேன். அலகு என்ன நிறம் என்றேன். கறுப்பு என்றார். எங்கள் மலையில் சாதாரணமாகத் திரியும் கறுங்குருவிக்கு அலகு செம்மஞ்சள். தோளில் ஏதாவது இருந்ததா என்றேன். "வெயில் பட்டா நீலமா மினுங்கும்" என்றார். ஆண் அரெங்காவின் தோளில் இருப்பது அந்த நீலம்தான். பொட்டை எப்படி இருக்கும் என்றதற்கு, "அது செங்கல் மாதிரி" என்றார். இரண்டு நிமிஷக் கேள்வி. நேர்காணல் எடுப்பதும் ஆய்வு முறைதான், உலகம் முழுக்கச் செய்கிறார்கள்.

எல்லா ஆய்வாளரையும் நான் குறை சொல்லவில்லை. அஞ்சலி வட்சன், அன்ட்ரூ கிட்டில் குழுவினர் பொகவந்தலாவைப் பக்கம் கமெரா கட்டி, தேயிலைக்கு நடுவில் உள்ள துண்டுக் காடுகளிலும் சிறுத்தை வாழ்கிறது என்று காட்டியதால்தான் இன்று நம் மலையைப் பற்றி ஒரு பேச்சாவது இருக்கிறது. நன்றியோடுதான் சொல்கிறேன்.

கம்பி விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், வைக்கிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை சிக்கியது நம் எல்லார் மனசிலும் இருக்கிறது. மூன்று நாள் கழித்து செத்துப்போனது. இந்த நாட்டில் கருஞ்சிறுத்தை எவ்வளவு அபூர்வம் என்று தெரிந்தவன் நான், அன்றைக்குச் சாப்பிடவில்லை. என் மாமாவும் கம்பி வைத்தவர்தான். பீன்ஸ் போட்ட ஒரு துண்டு நிலத்தைக் காட்டுப்பன்றி ஒரே இரவில் கிண்டிப் போட்டது, கடன் வாங்கிப் போட்ட விதை. பைக் கிளச் கம்பியைச் சுருக்குப் போட்டார். மாட்டியது எங்கள் வீட்டு நாய். கழுத்து அறுந்து கிடந்ததைப் பார்த்த பிறகு மாமா கம்பியைத் தொடவில்லை. பன்றியும் வருவதை நிறுத்தவில்லை. அவருக்கு வேறு வழி காட்ட அன்றைக்கு ஒருவரும் வரவில்லை, இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. கம்பி வைப்பதை நான் நியாயப்படுத்தவே மாட்டேன். ஆனால் கம்பி வைத்தவன் ஒருவன் என்றால், சிறுத்தை சிக்கிக் கிடக்கிறது என்று ஓடிவந்து சொல்வதும் தோட்டத்து ஆள்தானே? அவனை யார் எழுதுகிறார்கள்?

"எல்லாவற்றிலும் இனத்தை இழுக்காதே" என்கிறீர்கள். இழுக்காமல் எப்படி இருப்பது? இந்தக் காட்டைக் கோப்பிக்காக வெட்டச் சொன்னவன் வெள்ளைக்காரன், அவன் வெட்டச் சொன்னதற்கு வந்து மலைச்சரிவில் செத்தது எங்கள் பாட்டன். 1948-இல் மலையகத் தமிழர்களான எங்களை இந்த நாட்டு ஆட்கள் இல்லை என்று சட்டம் போட்டார்கள். முழுதாக உள்ளே எடுக்க 2003 ஆனது. அத்தனை வருஷம் நாங்களே கணக்கில் இல்லை. இன்றைக்குக் குரங்கையும் குருவியையும் எண்ணுகிற கூட்டத்தில் ஒரு கிழவி கை தூக்கினால் சிரிக்கிறீர்கள். எனக்கு அது வெறும் சிரிப்பாகக் கேட்கவில்லை, மன்னித்துவிடுங்கள்.

பஸ்ஸில் வரும்போது பெரியம்மா நோர்வூட் வரைக்கும் பேசவே இல்லை. அப்புறம், "முன்னால உக்காந்திருந்த அந்தப் புள்ள நான் சொன்னத எழுதிக்கிச்சாடா?" என்று கேட்டார். எழுதிக்கொண்டார் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் எழுதவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதனால் நானே எழுதுகிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இடம்: மஸ்கெலியாப் பக்கம், மேட்டு லயத்துக்குப் பின்னால் பீலிக்கரை. கண்டவர்: கொழுந்து பறித்த பெண், பெயர் கேட்டால் தனியாகத் தருவேன். பறவை: பீலிக் குருவி. ஆண் கறுப்பு, தோளில் நீலம், அலகு கறுப்பு. பொட்டை செங்கல் நிறம். நேரம்: விடியும் முன், தண்ணீர் பிடிக்கும்போது. சத்தம் கேட்டது அநேகமாகத் தினமும், இரண்டையும் சேர்த்துப் பார்த்தது மூன்று தடவை. ஓடைக்கரைக் காட்டை வெட்டி டர்பன்டைன் மரம் வைத்த பிறகு குறைந்தது. கடைசியாகக் கேட்டது 1996, என் தம்பி பிறந்த வருஷம், மாரியம்மன் திருவிழா முடிந்த வாரம்.