கார்ல்சன் வரவில்லை என்றால் அது குகேஷ் குற்றமா?

பேசிப் பேசி எனக்கே சலித்துவிட்டது. ஆனாலும் விடமாட்டேன் என்கிறார்கள். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு என்று எந்த ஊர் பேக்கரியில் டீ குடிக்க நின்றாலும் சரி, செஸ் என்று பேச்செடுத்தால் போதும், 2024-ல் உலக சாம்பியன் பட்டம் வாங்கின நம்ம சென்னைப் பையன் குகேஷைப் பற்றி யாராவது ஒருத்தர் அதே வரியைக் கொண்டுவந்து நடுவில் போட்டுவிடுகிறார். "அட, கார்ல்சன் ஆடலீங்களே! அவரு இருந்திருந்தா இந்தப் பையன் ஜெயிச்சிருப்பானுங்களா?" சொன்னவர் டம்ளரை வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். எனக்கு அன்றைக்கு முழுக்க வயிறு எரிகிறது.

நான் சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவன். மகள் செஸ் ஆடுகிறாள், அவளுக்காக நானும் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவளைக் கூட்டிக்கொண்டு போட்டி நடக்கிற ஊருக்குப் போய்விடுவேன். அதனால் இந்தப் பேச்சு எனக்கு வெறும் டீக்கடைப் பேச்சு இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். நார்வேக்காரர் கார்ல்சனிடமிருந்து உலக சாம்பியன் பட்டத்தை யாரும் பிடுங்கவில்லை. 2013-ல் நம்ம சென்னையிலேயே ஆனந்தைத் தோற்கடித்து வாங்கினார். அப்புறம் 2014, 2016, 2018, 2021 என்று நான்கு தடவை காப்பாற்றினார். 2022 ஜூலையில், இன்னொரு மேட்ச் ஆடுகிற ஆர்வம் இல்லை என்று அவரே சொல்லி விலகிக்கொண்டார். அது அவர் உரிமை. அந்த மேட்சுக்குத் தயாராவதே மாதக்கணக்கில் உயிரை எடுக்கிற வேலை, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எல்லாத் தகுதியும் உண்டு. நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் விலகியதற்கு, அன்றைக்கு 16 வயசு ஆகியிருந்த ஒரு பையனைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

குகேஷுக்கு யாரும் பட்டத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. 2024 ஏப்ரலில் டொரண்டோவில் கேண்டிடேட்ஸ் போட்டி, உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்கிற போட்டி. எட்டுப் பேர், ஆளுக்கு 14 ஆட்டம். கருவானா, நகமுரா, நெப்போம்னியாச்சி என்று கார்ல்சனோடு வருசக்கணக்கில் மோதிப் பழகின ஆட்கள். ஏழாவது ரவுண்டில் ஃபிரூஜாவிடம் தோற்றார். அந்தத் தோல்வியோடு சுருண்டுவிடாமல் கடைசியில் 9 புள்ளி எடுத்தார். நான் சொன்ன அந்த மூன்று பேரும் 8.5. அரைப் புள்ளிதான் வித்தியாசம். செப்டம்பரில் புடாபெஸ்டில் நாடுகள் அணியாக மோதுகிற செஸ் ஒலிம்பியாட். இந்திய அணியின் முதல் போர்டில் உட்கார்ந்து 10 ஆட்டத்தில் 9 புள்ளி, நாட்டுக்குத் தங்கம்.

அப்புறம் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான மேட்ச், 14 ஆட்டம். எதிரே, கார்ல்சன் விலகின பிறகு 2023-ல் பட்டம் வாங்கியிருந்த சீனாவின் டிங் லிரன். டிங் ஃபார்மில் இல்லை, குகேஷ் அடித்துத் துவைத்துவிடுவார் என்று பேசினார்கள். முதல் ஆட்டத்திலேயே குகேஷ் வெள்ளைக்காய் வைத்துத் தோற்றார். மூன்றாவதை ஜெயித்தார், பதினொன்றை ஜெயித்தார். பன்னிரண்டில் டிங் திருப்பி நொறுக்கிவிட்டார். 13 ஆட்டம் முடிந்தபோது 6.5 – 6.5. டிசம்பர் 12, கடைசி ஆட்டம். குகேஷுக்குக் கறுப்புக்காய். போர்டில் ரெண்டு பேருக்கும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். டிராதான் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். டிரா ஆனால் மறுநாள் டை பிரேக், குறைந்த நேரத்தில் ஆடுகிற ரேபிட் ஆட்டங்களில் முடிவு. அந்தப் பையன் விடவில்லை. நகர்த்தி நகர்த்தி நெருக்கிக்கொண்டே இருந்தார். 55-வது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். யானைகள் மாறின, பிஷப்பும் மாறியாக வேண்டிய நிலை, மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான் என்றால் கூடுதல் சிப்பாய் ஜெயித்துக் கொடுத்துவிடும். 58-வது நகர்த்தலோடு டிங் கைகொடுத்தார். 7.5 – 6.5. குகேஷ் அழுதுகொண்டே காய்களை எல்லாம் அதனதன் கட்டத்தில் திரும்ப அடுக்கிவைத்தார். பதினெட்டு வயசு.

இதற்கும் ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள். "டிங் தப்புப் பண்ணாரு, இவனுக்கு அதிர்ஷ்டம்." செஸ்ஸில் எதிராளி தப்புப் பண்ணாமல் உலகத்தில் யார் ஜெயித்திருக்கிறார்கள்? டிராவுக்குச் சம்மதித்து எழுந்திருக்காமல் மணிக்கணக்கில் உட்கார்ந்து அழுத்தினதால் வந்த தப்பு அது. அதைச் சம்பாதித்தவர் குகேஷ்.

இனி என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். போன வருசம் கோவைக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி, ஏழு ரவுண்டு. மகள் பதினோரு வயசுக்குட்பட்ட பெண்கள் பிரிவு. அதற்கு முந்தின வருசமெல்லாம் அந்தப் பிரிவில் ஒரே ஒரு பெண்தான் ராணி. எங்கே போனாலும் கோப்பை அந்தப் பிள்ளைக்குத்தான். என் மகள் அவளிடம் தோற்றுத் தோற்றே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவள். வயசு தாண்டியதால் அந்தப் பிள்ளை பதிமூன்று வயசுப் பிரிவுக்கு ஏறிவிட்டாள். விதிப்படி ஏறித்தான் ஆக வேண்டும். கடைசி ரவுண்டில் என் மகளுக்குக் க்ளாக்கில் ஒரு நிமிசத்துக்கும் கீழே. பெற்றோரை உள்ளே விடமாட்டார்கள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவள் கை நடுங்குகிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் காயை வைத்துவிட்டு அதே கையால் க்ளாக்கைச் சரியாக அமுக்குகிறாள். ஜெயித்துவிட்டாள்.

பரிசு கொடுக்க வந்த பெரிய மனுசர், மைக்கைப் பிடித்து என்ன சொன்னார் தெரியுமா? "போன வருசம் கலக்குன பாப்பா இந்த வருசம் மேல போயிருச்சு. அதனால இந்தக் கண்ணுக்கு வாய்ப்புக் கெடைச்சிருக்குது. வாழ்த்துக்கள்." கோப்பையைக் கையில் கொடுத்துக்கொண்டே சொல்கிறார்! மண்டபம் முழுக்கப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவருக்கு அந்த ஏழு ரவுண்டில் ஒன்றுகூடத் தெரியாது. வந்து சால்வை போர்த்திக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தவர். இல்லாத பிள்ளையைப் பற்றிப் பேசத் தெரிந்தவருக்கு முன்னால் நிற்கிற பிள்ளை கண்ணில் படவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்: "அப்பா, அந்த அக்கா இருந்திருந்தா நான் ரெண்டாவதுதானே?" என் ரத்தம் கொதித்தது அங்கேதான். காலையில் ஆறு மணிக்குக் கிளம்பி, ஏழு பேரோடு மோதி, கோப்பையை மடியில் வைத்திருக்கிற குழந்தை கேட்கிற கேள்வியா இது? "அந்த அக்காவுக்கு முன்னாடி வேற ஒரு அக்கா ஜெயிச்சிட்டு இருந்தாங்க கண்ணு. அவங்க மேல போன பொறகுதான் இந்த அக்கா ஜெயிச்சாங்க. அவங்க கோப்பையும் கோப்பைதானே?" என்றேன். அதோடு, அந்தப் பெரிய பிள்ளை மண்டபத்திலேயே இவளைத் தேடி வந்து, கடைசி ரவுண்டு நன்றாக ஆடினாய் என்று தோளைத் தட்டிவிட்டுப் போயிருந்தாள். அந்தக் குணம் மைக் பிடித்தவருக்கு இல்லை.

மகளிடம் சொன்ன அதே கணக்கு உலகப் பட்டத்துக்கும் பொருந்தும். முன்னாள் உலக சாம்பியன், ரஷ்யாவின் காஸ்பரோவ் 2005-ல் ஓய்வு பெற்றார். அப்போது ரேட்டிங்கில் அவர்தான் உலகத்தில் முதல் ஆள். 1995-ல் நியூயார்க்கில் ஆனந்தைத் தோற்கடித்தவரும் அவர்தான். ஆனந்த் மெக்சிகோவில் பட்டம் வாங்கியது 2007-ல், காஸ்பரோவ் போய் இரண்டு வருசம் கழித்து. அப்படியானால் ஆனந்த் பட்டமும் செல்லாதா? அப்புறம் 2008-ல் கிராம்னிக், 2010-ல் டோபலோவ், 2012-ல் கெல்ஃபாண்ட் என்று வரிசையாகச் சமாளித்தாரே, அதெல்லாம் கணக்கில் வராதா? ஆனந்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற அதே வாய், குகேஷ் என்றதும் கார்ல்சன் பெயரை இழுக்கிறது. அந்த ஆனந்தைத் தோற்கடித்துத்தானே கார்ல்சனே சாம்பியன் ஆனார்? காஸ்பரோவ் ஆடாத காலத்துப் பட்டம்தானே அதுவும்?

இன்னும் பின்னால் போனால் 1975. அப்போதைய உலக சாம்பியன், அமெரிக்காவின் பாபி ஃபிஷர் தன் நிபந்தனைகள் எல்லாவற்றையும் உலக செஸ் அமைப்பு ஏற்கவில்லை என்று ஆட வரவே இல்லை. அவரோடு மோத வேண்டியிருந்த கார்ப்போவ் ஒரு காயைக்கூட நகர்த்தாமல் சாம்பியன் ஆனார். குறை சொல்வதென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மனுசர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. போட்டி போட்டியாக ஏறி ஆடினார், கோர்ச்னாயோடு ரெண்டு தடவை மோதிக் காப்பாற்றினார், 1985 வரை பட்டத்தை விடவில்லை. இன்றைக்குக் கார்ப்போவை யாராவது பாதி சாம்பியன் என்பார்களா?

செஸ் மட்டும் இல்லை. நம்ம கோயம்புத்தூர்க்காரர், கார் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயனுக்கும் இதே அநியாயம்தான் நடந்தது. 2005-ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் ஃபார்முலா ஒன் பந்தயம். மிஷலின் டயர் அந்த ட்ராக்கைத் தாங்காது என்று 14 கார்கள் விலகிவிட்டன. ஓடியது ஆறு. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார், ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர். "ஆறு வண்டிதானுங்களே ஓடுச்சு" என்று இன்றைக்கும் இழுக்கிறார்கள். மற்றவர்கள் டயருக்கு நரேனா பொறுப்பு? செட்டிபாளையம் ட்ராக் பக்கம் வளர்ந்த ஊர்க்காரர்களே இப்படிப் பேசினால் வெளியில் இருக்கிறவர்களை என்ன சொல்வது?

நேரத்தை அளந்து பார்க்க முடிகிற விளையாட்டிலேயே இப்படி யாரும் கேட்பதில்லை. உசேன் போல்ட் 2009-ல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடின உலக சாதனை இன்னும் நிற்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நோவா லைல்ஸ் அதே ஓட்டத்தில் ஜெயித்தது 9.784-ல். இரண்டாவது வந்த தாம்சனைவிட ஆயிரத்தில் ஐந்து பங்கு விநாடி முன்னால். போல்ட்டைவிட மெதுவாக ஓடினாய், மெடலைக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. நம்ம ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்திலும் அப்படித்தான். போன வருசம் முதல் பரிசு அடித்த ஜோடி இந்த வருசம் வரவில்லை என்றால், வந்த ஜோடிகளில் எது குறைந்த நேரத்தில் ஓடியதோ அதற்குப் பரிசு. அந்தக் காளைக்காரரை மேடையில் நிற்கவைத்து யாரும் வராத காளையின் பெருமை பேசுவதில்லை.

உலகத்திலேயே பலமான ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் கார்ல்சன்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குகேஷே சிங்கப்பூரில் ஜெயித்த கையோடு அதைச் சொல்லிவிட்டார்: உலக சாம்பியன் ஆனதால் நான்தான் சிறந்த ஆட்டக்காரன் என்று ஆகிவிடாது, கார்ல்சன் இருக்கிறார் என்று. அந்தப் பட்டம் ரேட்டிங் பட்டியல் இல்லை. அந்தச் சுற்றில் வந்து உட்கார்ந்த எல்லோரையும் தாண்டியவர் யார் என்பதுதான் அது. வந்து உட்காராதவரை யாரால் தோற்கடிக்க முடியும்?

கார்ல்சன் எதிரே வந்து உட்கார்ந்தபோது அவரைத் தோற்கடித்தும் காட்டினார் குகேஷ். 2025 ஜூன் 1, நார்வே செஸ் போட்டி. கார்ல்சன் ஜெயிக்கிற நிலையில் இருந்த ஆட்டத்தை குகேஷ் திருப்பிவிட்டார். கார்ல்சன் மேஜையில் குத்திய குத்தை உலகமே பார்த்தது. அதே போட்டியின் முதல் ரவுண்டில் குகேஷ் அவரிடம் தோற்றதும், கடைசியில் போட்டியை ஜெயித்தது கார்ல்சன் என்பதும் உண்மைதான், நான் மறைக்கவில்லை. ஆனால் என் மச்சான் அன்றைக்கு ராத்திரி போன் போட்டு என்ன சொன்னான்? "ஒரு ஆட்டந்தானுங்க மாமா, கார்ல்சனுக்குக் கை தவறிருச்சு." கார்ல்சன் ஆடாவிட்டால் பட்டம் செல்லாது, ஆடித் தோற்றாலும் கணக்கு இல்லை என்றால் அந்தப் பையன் இன்னும் என்னதான் செய்ய வேண்டும்?

நம்ம பக்கம் இப்போது ஊருக்கு ஊர் செஸ் வகுப்பு, வாரத்துக்கு வாரம் போட்டி. பரிசு கொடுக்கப் போகிற பெரியவர்களே, மேடை ஏறுமுன் ஆர்பிட்டரிடம், அதாவது போட்டி நடுவரிடம் போய் அந்தப் பிள்ளையின் பெயரைச் சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த ரவுண்டு கஷ்டமாக இருந்தது என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். அதை மைக்கில் சொல்லுங்கள். வராதவர் பெயரை எடுக்காதீர்கள்.