இஸ்லாத்தில் சீர்திருத்தம் 2001-க்குப் பிறகு வந்ததா?

"இஸ்லாத்துக்குள் சீர்திருத்தப் பேச்சே 2001-க்குப் பிறகு, அதாவது செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவின் நெருக்குதலால்தான் தொடங்கியது" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

எகிப்தின் முகம்மது அப்துஹுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1899-இல் அந்நாட்டின் தலைமை முஃப்தி (மார்க்கத் தீர்ப்பு சொல்லும் அறிஞர்) ஆனவர். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலிலிருந்து கேள்வி வந்தது: ஐரோப்பியத் தொப்பி போடலாமா? கிறிஸ்தவர்கள் அறுத்த இறைச்சியைச் சாப்பிடலாமா? 1903-இல் 'கூடும்' என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தார். எதிர்ப்பாளர்கள் சும்மா விடவில்லை, பத்திரிகைகளில் வறுத்தெடுத்தார்கள்.

அலிகரில் சர் சையது அகமது கான் 1875-இலேயே நவீனக் கல்விக்கூடம் தொடங்கிவிட்டார். கருங்கடல் ஓரத்துக் கிரிமியாவில் முஸ்லிம் கல்வியாளர் காஸ்பிரின்ஸ்கி 1884-இல், எழுத்துகளை ஒலிமுறையில் கற்பிக்கும் புதுமுறைப் பள்ளி திறந்தார்.

சரி, ஐரோப்பிய ஆதிக்கம் இவர்களை உலுக்கியது உண்மைதான். ஆனால் குர்ஆனைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்த டெல்லியின் சீர்திருத்த அறிஞர் ஷா வலியுல்லா 1762-இல் இறந்தபோது, அங்கே ஆங்கிலேயர் ஆட்சியே வந்திருக்கவில்லை.