அரத்தைக் கீழே வைய்யா!

மறுபடியும் ஒருத்தர். ஷாட்கன்ல சுட்டு, பறக்கற களிமண் தட்டு மூணு தப்பிச்சுது, உடனே தீர்ப்பு: "பேரல் கோணல், மேலே தூக்குது." பக்கத்துல ஒரு பெரியவர் (எல்லா ரேஞ்சுலயும் ஒருத்தர் உண்டுல்ல) ஒரு கண்ணை மூடி பேரல் முனையில குறிபார்க்க இருக்கற மணியைப் பார்த்துட்டு, "லேசா ராவிடு, சரியாயிடும்"ங்கறார். அரமும் வந்துடுச்சு! சோக் (குண்டு பரவறதைக் கட்டுப்படுத்த பேரல் முனையில திருகுற குழாய்) கழட்டுற சாவி கேட்டா ஒருத்தர்கிட்டயும் இருக்காது. அரம் மட்டும் எங்கேருந்துதான் வருமோ.

முன்மணியைத் தாழ்த்தினா, குறி சேர்க்கப் பேரல் முனையை இன்னும் தூக்கணும். மேலே போறது இன்னும் மேலே போகும். வைத்தியம் பிரமாதம்!

அந்த மூணு தட்டையும் பார்த்துடுவோம். முதல் தட்டு இடது பக்கமாப் பறந்தது. விசையை அழுத்துற நேரத்துல துப்பாக்கி நின்னுடுச்சு. சுட்டது தட்டுக்கு வலப்பக்கம். ரெண்டாவது: உடையுதான்னு பார்க்கற அவசரத்துல கன்னம் துப்பாக்கியோட பின்கட்டையை விட்டு எழும்பிடுச்சு. போச்சு, மேலே. மூணாவது: கட்டை தோள்குழியில இல்லை, புஜத்துல. வலக்கைக்காரர், கண் ரிப்புக்கு (பேரல் மேல நீளமா ஓடுற பட்டை) இடப்பக்கம் விழுந்தது, சுட்டதும் இடப்பக்கம். ஆக வலது, மேலே, இடது. பேரல் கோணல்னா தப்பு ஒரே பக்கமால்ல வரணும்? அது பேரலா, முருங்கைக்காயா?

ரைபிளுக்குப் பின்சைட் உண்டு. ஷாட்கன்னுக்கு உங்க கண்ணுதான் பின்சைட். அதைக் கன்னத்தோட சேர்த்து ஆட்டிட்டு இரும்பைத் திட்டினா?

தாள்ல சுட்டுப் பாருங்கய்யா. 16 கஜம், பெரிய தாள், நடுவுல ஒரு புள்ளி. ஃபுல் சோக் (நல்லா குறுகினது), ஒரே வகைத் தோட்டா. முதல்ல உட்கார்ந்து, முன்கட்டையைப் பிடிச்ச கையை மணல் பை மேல வெச்சு மூணு சுடுங்க. பேரலையே பை மேல வைக்காதீங்க, எகிறும். இதுல நடுவுல விழுந்தா துப்பாக்கி நிரபராதி. அப்புறம் நின்னு, சட்டுனு தோளுக்கு ஏத்தி, மணியைத் தேடாம, புள்ளியை மட்டும் பார்த்து அஞ்சு. இது இடது பக்கமோ மேலேயோ போனா, கட்டை உங்க முகத்துக்கு ஒத்துவரலை. கண்ணுக்கும் பேரல் முனைக்கும் ஏறக்குறைய ஒரு கஜம். அதனால 16 கஜத்துல ஒரு அங்குலம் தள்ளினா, கன்னம் படுற இடத்துல 1/16 அங்குலம் மாத்தணும். கீழே போகுதா? அங்கே அட்டைத்துண்டு வெச்சு இன்சுலேஷன் டேப் சுத்துங்க. செலவு பத்து ரூபா. பலன் தெரிஞ்சப்புறம் ஆசாரிகிட்ட போங்க.

வலக்கைக்காரருக்கு இடது கண் ஆதிக்கம்னா கதையே வேற. ரெண்டு கண்ணுக்கும் இடையில ஆறரை சென்டிமீட்டர். அது 16 மடங்கானா ஒரு மீட்டர். தாள்லயே படாது! கட்டைவிரலை நீட்டி, ரெண்டு கண்ணையும் திறந்து தூரத்துல ஒண்ணைக் குறிபாருங்க. எந்தக் கண்ணை மூடினா விரல் நகருதோ, அதுதான் ஆளுற கண்.

மணல் பை மேல வெச்சும் விலகுதா? அப்பத்தான் இரும்பைச் சந்தேகப்படணும். தோட்டாவை எடுத்துட்டு, சோக்கைக் கழட்டி மரையில இருக்கற கரியைத் துடைச்சு மறுபடி இறுக்குங்க. வேற சோக் போட்டா குறி மாறுதான்னு பாருங்க. மேல்-கீழ் பேரல்னா ரெண்டையும் தனித்தனியாச் சுடணும். கட்டை போல்ட் லூஸ், ரிப் நெளிவு, இதெல்லாம் அப்புறம்.

இன்னொண்ணு. டிராப் (முன்னால எழும்பி விலகிப் போற தட்டைச் சுடற போட்டி) துப்பாக்கி 60/40, 70/30ன்னு, அதாவது குறிக்கு மேலே 60, 70 சதவீதக் குண்டு விழற மாதிரி, வேணும்னேதான் மேலே சுடும். தட்டு எழும்பிக்கிட்டே போறதில்லையா? அதைப் போய்க் குறைன்னு... ஐயோ, விடுங்க.

இவ்வளவும் சொல்லி முடிச்சுத் திரும்பினா, சுட்ட தாளைக் காணோம். கிழிச்சு பஜ்ஜி எண்ணெய் ஒத்தி எடுத்துக்கிட்டிருக்காங்க. ஈயம் பட்ட தாளுய்யா அது! கையையாவது கழுவினீங்களா?