பல்லுக்கு கிளிப் போடப்போறது யாருன்னு கேட்டா ஏன் இவ்ளோ கோவம் வருது?

திண்டுக்கல்ல தெருவுக்கு ஒரு பல் கிளினிக் இருக்கு, எல்லா போர்டுலயும் பல் சீரமைப்பு, கிளிப் போடப்படும்னு எழுதியிருக்கு, ஆனா அந்த கிளிப்ப போடப்போறது யாரு, என்ன படிச்சிருக்காருன்னு நான் ஏறி இறங்கின ஒரு எடத்துலயும் நேரா பதில் வரல. ரிசப்ஷன்ல கேட்டா "எங்க டாக்டர் எல்லாமே பாப்பாரு மேடம்"ங்கறாங்க. எல்லாமே பாக்குறவர் வேணாம்மா, என் பொண்ணுக்கு இதுக்குன்னே படிச்சவர் வேணும்!

பொதுவான பல் டாக்டர் படிப்பு பிடிஎஸ் 5 வருஷம், அதுக்கு மேல பல்ல வரிசைப்படுத்துறதுக்குன்னே இருக்குற எம்டிஎஸ் ஆர்த்தோ தனியா 3 வருஷம். சொத்தை அடைக்க, ரூட் கெனால் பண்ண நானே பிடிஎஸ் டாக்டர்கிட்டதான் போறேன், அவங்கள கொறை சொல்லல. ஆனா வளர்ற புள்ள வாயில கம்பிய கட்டி ஒன்றரை ரெண்டு வருஷம் பல்ல நகத்துறது வேற வேலைங்க. அழுத்தம் விழுற பக்கம் எலும்பு கரையணும், பல்லு விட்டுப்போன பக்கம் புது எலும்பு வரணும், அதனாலதான் மாசத்துக்கு சுமாரா 1 மில்லிமீட்டர்தான் நகரும். அளவுக்கு மீறி இழுத்தா வேரே கரைஞ்சு குட்டையாப் போகலாம். இத ஒருத்தர் உக்கார வச்சு சொன்னாரா? இல்ல.

என் பொண்ணுக்கு 12 வயசு. மேல ரெண்டு கோரப்பல்லும் எடமில்லாம ஈறுக்கு மேல ஏறி நிக்குது. ஒரு டாக்டர் லைட்ட அடிச்சு பாத்த உடனே "4 பல்லு எடுக்கணும், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டிட்டா ஆஃபர் ரேட்"ங்கறாரு. மொத்தப் பல்லும் தாடையும் தெரியுற ஓபிஜி எக்ஸ்ரே இல்ல, தலைய பக்கவாட்டுல எடுக்குற செஃபலோகிராம் எக்ஸ்ரே இல்ல, பல்லுக்கு அச்சு எடுக்கல, எதை வச்சுங்க சொத்தையே இல்லாத 4 பல்ல புடுங்கச் சொல்றீங்க? நெருக்கம் ரொம்ப இருந்தா கோரப்பல்லுக்கு அடுத்த பல்ல எடுக்குறது உண்டு, அது தப்பான வைத்தியம் இல்ல, ஆனா அளந்து பாத்துட்டுதான முடிவு பண்ணணும்? புடுங்கின பல்லு திரும்ப மொளைக்குமா?

இன்னொரு எடத்துல ஸ்பெஷலிஸ்ட் மாசத்துக்கு ஒருதடவ வெளியூர்லேருந்து வருவாராம். சரி, பேர் சொல்லுங்கன்னா "அது மாறும் மேடம்". பாதியில ஆள் மாறினா ஆரம்பிச்சவர் என்ன பிளான் போட்டாரு, எவ்ளோ நகந்திருக்குன்னு புதுசா வர்றவருக்கு எப்படி தெரியும்? இதக் கேட்டதுக்குதான் அங்க மூஞ்சிய காட்டினாங்க. நகத்தின பல்ல அதே எடத்துல புடிச்சு வைக்குற ரிடெய்னர் பத்தியும் மூச்சு விடல. கிளிப்ப கழட்டினப்புறம் அத ஒழுங்கா போடலன்னா பல்லு பழைய எடத்துக்கே போக பாக்கும். அதுக்கு காசு பேக்கேஜ்ல சேத்தியான்னு நாமளா கேட்டாதான் "அது தனி".

சொந்தக்காரங்க வேற, தெத்துப்பல் அதிர்ஷ்டம், கல்யாணத்துக்கு முன்னாடி பாத்துக்கலாம்ங்கறாங்க. என் பொண்ணு வாய பொத்திக்கிட்டு சிரிக்குது, அந்த சந்துல பிரஷ் நுழையாம ஈறு வீங்குது, இதுல என்னங்க அதிர்ஷ்டம்? பல்ல எந்த வயசுலயும் நகத்தலாம், ஆனா தாடை வளர்ச்சியில கோளாறு இருந்தா வளர்ற வயசுலயே புடிக்கணும், விட்டா பின்னாடி ஆபரேஷன் வரைக்கும் போகலாம். கல்யாண பேச்சு எடுக்குறவங்களுக்கு இது தெரியுமா?

அரசு பல் மருத்துவக் காலேஜ் போங்கன்னு ஈஸியா சொல்றாங்க. சென்னைல கோட்டை ஸ்டேஷன்கிட்ட 1953லேருந்து இருக்கு, புதுக்கோட்டையில 2023ல வந்துச்சு. திண்டுக்கல்லேருந்து மாசாமாசம் அங்க போய் கம்பி முடுக்கணும், ஸ்கூலுக்கு லீவு, எனக்கு வேலைக்கு லீவு, பஸ் காசு, எத்தன குடும்பத்தால முடியும்? போர்டுல கொட்டை எழுத்துல ஆஃபர் போடுறீங்கல்ல, ஆர்த்தோ டாக்டர் பேரு, படிப்பு, பதிவு நம்பர் இத போட என்ன கேடு?

படம் எடுத்து, ஏன் எதுக்குன்னு விளக்கி, ஆரம்பிச்ச எம்டிஎஸ் ஆர்த்தோ டாக்டரே ரிடெய்னர் வரைக்கும் பாக்குற எடம் திண்டுக்கல்லயோ மதுரையிலயோ தெரிஞ்சா சொல்லுங்க. அது வரைக்கும் அட்வான்ஸ்னு ஒத்த ரூபா கட்ட மாட்டேன்.