பிஆர் வாங்கிட்டு ஓடிட்டான்

இந்தப் பொங்கலுக்கு கனடாவில், சஸ்காட்செவன் மாகாணத்துச் சஸ்கட்டூனில் நம் ஆட்கள் ஒரு ஹால் வாடகைக்கு எடுத்து விழா வைத்திருந்தார்கள். வெளியே மைனஸ் 31, உள்ளே சர்க்கரைப் பொங்கல், வடை, குழந்தைகளின் கூச்சல். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் இந்த ஊருக்கு வந்து பதினைந்து வருடம் ஆனவர், நல்ல மனிதர்தான், புதிதாக வந்த ஒரு பையனைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மாகாணம் நாமினேஷன் குடுத்துச்சு, பிஆர் வந்துச்சு. நாலு மாசம்கூட இருக்கல, டொராண்டோ பக்கம் பிராம்ப்டனுக்கு ஓடிட்டான். இவனுங்களாலதான் பின்னாடி வர்றவனுக்குக் கதவைச் சாத்துறாங்க."

சுற்றி நின்ற எல்லாரும் தலையாட்டினார்கள். பேப்பர் தட்டைப் பிடித்துக்கொண்டு நானும் லேசாக ஆட்டினேன். அதுதான் வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்தியது. ஏனென்றால் 2017-இல் அப்படி ஓடியவன்தான் நானும். திரும்பி வந்துவிட்டதால் யாருக்கும் ஞாபகம் இல்லை, அவ்வளவுதான். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு. பிஆர் என்றால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை. கனடாவில் கியூபெக்கைத் தவிர மற்ற ஒன்பது மாகாணங்களும் தங்களுக்கு வேண்டிய ஆட்களைத் தாங்களே தேர்ந்தெடுத்து மத்திய அரசிடம் பரிந்துரைக்கலாம், அதுதான் நாமினேஷன். 1998-இல் மனிடோபா தொடங்கி வைத்தது. 2015-இல் மத்திய அரசு பாயின்ட் போட்டு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வந்த பிறகு, மாகாண நாமினேஷன் கிடைத்தவருக்கு 600 பாயின்ட் கூடுதலாக விழும். விழுந்தால் பிஆர் கைக்கு வந்த மாதிரிதான். டொராண்டோவுக்கும் வான்கூவருக்கும் ஆள் தானாகவே போகும், சஸ்காட்செவனுக்கு யார் போவார்? தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு பரப்பு, மொத்த ஜனத்தொகை 12 லட்சத்துச் சொச்சம். அதனால் ஆளைக் கூப்பிட இப்படி ஒரு வழி.

நான் வந்த பிரிவில் கையில் வேலை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தேவைப்படும் தொழில்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள், என் தொழிலின் குறியீட்டு எண் அதில் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் எட்டு வருடம் மெயின்டனன்ஸில் குப்பை கொட்டியவன் நான். அரசாங்கமே தேவை என்று எழுதி வைத்திருக்கும்போது இறங்கின இரண்டாவது வாரம் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள் என்று நிஜமாகவே நம்பினேன். சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப்பேர் அப்படி நம்பித்தான் விமானம் ஏறினீர்கள். பட்டியல் போடுகிறவர் வேறு, ஆள் எடுக்கிறவர் வேறு என்பது எனக்கு உறைக்கவே மூன்று மாதம் ஆனது.

இந்த மாகாணத்துக்குச் சோறு போடுவதில் பொட்டாஷுக்குப் பெரிய பங்கு. கும்பகோணம் பக்கம் எங்கள் வயலில் அப்பா கையால் தூவுவாரே, செங்கல் பொடி நிறத்தில் ஒரு உரம், அதேதான். இந்தியாவுக்கு அது வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், அதில் ஒரு பங்கு இங்கே பூமிக்கடியில் ஒரு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து தோண்டி எடுத்தது. இதைப் படித்தபோது ஏதோ விட்டகுறை தொட்டகுறை என்று எனக்குப் புல்லரித்தது. ஆனால் நான் இறங்கியது 2016 அக்டோபர். பொட்டாஷ் விலை படுத்துக் கிடந்த வருடம். சுரங்கங்களில் இருக்கிற ஆளையே குறைத்துக்கொண்டிருந்தார்கள், புதிதாக வந்தவனை யார் சீண்டுவார்?

ஒரே ஒரு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஊரைவிட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சுரங்க இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறை. காலை எட்டு மணிக்கு இன்டர்வியூ. என்னிடம் கார் இல்லை, அந்த நேரத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி பஸ்ஸும் இல்லை, ஊரில் பழக்கமானவர்கள் மொத்தம் நாலு பேர், நாலு பேருக்கும் அன்றைக்கு வேலை. மதியத்துக்கு மாற்ற முடியுமா என்று போனில் கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார் அந்த அம்மா, குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. அப்புறம் கூப்பிடவே இல்லை. நான் ஊரைக் காலி செய்த அடுத்த மாதம், 2017 மே 31-ஆம் தேதியோடு, மாகாண அரசு தன் பஸ் கம்பெனியையே இழுத்து மூடிவிட்டது. எழுபது வருடம் ஊர் ஊராக ஓடிய பஸ். வெளிநாட்டிலிருந்து ஆளை வா வா என்று கூப்பிடுகிற அரசுதான் அந்த ஆள் வேலைக்குப் போக வேண்டிய பஸ்ஸையும் நிறுத்தியது. ஓடினவனைத் திட்டுகிற யாரும் இந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆறு மாதத்தில் கொண்டுவந்த பணம் கரைந்தது. ஒரு கடையில் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் பெட்டி அடுக்கினேன். மிச்ச நேரம் ரெஸ்யூமே அனுப்புவது, ஜன்னல் வழியாகப் பனியைப் பார்ப்பது. அப்போதுதான் ஸ்கார்பரோவில் இருந்த காலேஜ் நண்பன் தினமும் போன். "மச்சி, அங்க என்னடா பண்ற? டொராண்டோ வந்துடு, இங்க வேலை கொட்டிக் கிடக்கு." ஒரு பழைய கொரோலாவை வாங்கி, ஏப்ரலில் கிளம்பி, கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர், மூன்று நாள். சுப்பீரியர் ஏரிக் கரையில் ஒரு பக்கம் இன்னும் உறைந்த தண்ணீர், ஒரு பக்கம் பாறை, நடுவில் நானும் இரண்டு சூட்கேஸும் ஒரு பிரஷர் குக்கரும்.

அங்கே ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் வீட்டில் பேஸ்மென்ட் கிடைத்தது. வண்டியை நிறுத்தியதும் வீட்டுக்கார ஐயா முன்பக்கத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கரண்ட் காரோ?" என்றார். சஸ்காட்செவன் கார்களில் முன்கிரில் வழியாக ஒரு ப்ளக் நாக்கு மாதிரி தொங்கும், ராத்திரியில் அதைச் சுவரில் சொருகி எஞ்சினைச் சூடாக வைக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. டொராண்டோ குளிருக்கு அதெல்லாம் தேவையில்லை, அவர் பார்த்ததே இல்லை. விளக்கிச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்தவர். "ஊரில நான் கணக்குப் படிப்பிச்சனான் தம்பி. இஞ்ச வந்து ஏழு வருசம் கோப்பை கழுவினனான். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர், வந்த நாட்டில் எது கிடைத்ததோ அதைச் செய்தார். என்னை என் படிப்புக்கும் அனுபவத்துக்கும் பாயின்ட் போட்டுக் கூட்டி வந்தார்கள். பாயின்ட் போட்டவர்கள் அதற்கப்புறம் அந்தப் படிப்பை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நண்பன் சொன்ன கொட்டிக் கிடந்த வேலை, டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் ஒரு குடோனில் ஏஜென்சி மூலமாக நைட் ஷிப்ட். பதினேழு மாதம். ரெஸ்யூமேயில் என் பெயருக்குக் கீழே இருந்த இன்ஜினியர் என்ற வார்த்தையை நானே அழித்தேன், இங்கே மாகாணச் சங்கத்தின் லைசென்ஸ் இல்லாமல் அப்படிப் போட்டுக்கொள்ளக் கூடாது. அந்த லைசென்ஸுக்கு அப்போது ஒரு வருட கனடிய அனுபவம் கேட்டார்கள். அனுபவத்துக்கு வேலை வேண்டும், வேலைக்குப் போனால் கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா என்பார்கள். (2023-இல் டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தின் இன்ஜினியர்கள் சங்கம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. இந்த 2026 ஜனவரியிலிருந்து, 25 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவம் கேட்கவே கூடாது என்று அங்கே சட்டம். விளம்பரத்தில் போட மாட்டார்கள், சரி. மனதிலிருந்து எடுப்பார்களா என்பது வேறு விஷயம்.) கார் இன்ஷூரன்ஸ் எனக்கு மூன்று மடங்கானது. மாதச் சம்பளத்தில் வாடகையும் இன்ஷூரன்ஸும் போக மிஞ்சியதை வெளியே சொன்னால் வெட்கம்.

ஆனால் எல்லாரும் இப்படி மாட்டிக்கொள்வதில்லை. என்னோடு அதே மாதம் சஸ்கட்டூனில் வந்து இறங்கிய நாகர்கோவில் நர்ஸ் ஒருவர் இருந்தார், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அசையவில்லை. முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை பார்த்துக்கொண்டே சான்றிதழ் சரிபார்ப்பு, என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை எல்லாம் முடித்து, இந்த மாகாணத்திலேயே நர்ஸாகப் பதிவு செய்து, ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் இருந்தார். அப்புறம் கணவருக்கு ஒட்டாவாவில் வேலை கிடைத்ததும் போனார். போனபோது அவர் கையில் இருந்தது லைசென்ஸ். மாகாணங்களுக்கு இடையே ஒப்பந்தம் இருக்கிறது: ஒரு மாகாணத்தில் முறையாகப் பதிவு பெற்றவரை இன்னொரு மாகாணம் முதலிலிருந்து பரீட்சை எழுதச் சொல்லக் கூடாது. படிவம், கட்டணம், கொஞ்சம் காத்திருப்பு, அவ்வளவுதான். அவரும் நாமினேஷனில் வந்து மாகாணத்தை விட்டுப் போனவர்தான். ஆனால் அவரைக் கேக் வெட்டி வழியனுப்பினார்கள். அவர் லைசென்ஸோடு போனார், நான் வெறுங்கையோடு போனேன். மற்றபடி இரண்டு பேர் செய்ததும் ஒன்றுதான், திட்டு மட்டும் எனக்கு.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். கனடாவின் 1982 உரிமைச் சாசனத்தின் ஆறாவது பிரிவு, குடிமக்களுக்கு மட்டுமில்லை, நிரந்தரவாசிகளுக்கும் எந்த மாகாணத்திலும் போய் வசிக்கவும் பிழைக்கவும் உரிமை தருகிறது. விண்ணப்பம் போடும்போதே அங்கே இருக்கிற எண்ணம் துளியும் இல்லாமல் பொய் சொல்லி வாங்கினால் அது மோசடிக் கணக்கு, ஐந்து வருடத் தடைவரை போகும், அப்படிச் செய்பவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பிராம்ப்டன் விலாசத்தை முன்கூட்டியே ரெடி பண்ணிவிட்டு வருகிறவர்களை எனக்கும் தெரியும். ஆனால் பெரும்பாலானவர்கள் இருக்கத்தான் வருகிறார்கள். பிரின்ஸ் எட்வர்ட் தீவில் இறங்கியவர்களில் பாதிக்கும் மேல் ஐந்து வருடத்துக்குள் வேறு மாகாணம் போய்விடுகிறார்கள் என்று அரசாங்கப் புள்ளிவிவரமே சொல்கிறது. அத்தனை பேரும் துரோகியா?

2025-இல் மாகாணங்களுக்கான இடங்களை மத்திய அரசு பாதியாக வெட்டியது, சஸ்காட்செவனுக்கு 7,250 இருந்தது 3,625 ஆனது. பெரும்பகுதியை ஏற்கெனவே கனடாவுக்குள் இருப்பவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். கதவைச் சாத்தியது அந்தப் பிராம்ப்டன் பையன் இல்லை, அண்ணே. வீட்டு வாடகையும் அரசியலும் சேர்ந்து சாத்தியது. ஏற்கெனவே இங்கே வேலையில் இருப்பவனுக்கு நாமினேஷன் என்ற முறை எனக்குச் சரியாகத்தான் படுகிறது, பத்து வருடம் முன்னாலேயே செய்திருக்க வேண்டியது. பட்டியலை நம்பி வீட்டை விற்றுவிட்டு வந்தவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

நான் எப்படித் திரும்பி வந்தேன் என்று சொல்லவில்லையே. குடோனில் கன்வேயர் அடிக்கடி நின்றுவிடும், மெக்கானிக் வர இரண்டு மணி நேரம் ஆகும், ஒருநாள் பொறுக்க முடியாமல் சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு நானே ரோலர் பேரிங்கைப் பார்த்துச் சொன்னேன். அப்புறம் அதுவே வழக்கமானது. சம்பளம் ஏறவில்லை, ஆனால் அந்த சூப்பர்வைசர் எனக்கு ரெஃபரன்ஸ் கொடுத்தார். 2018-இல் பொட்டாஷ் விலை கொஞ்சம் எழுந்தது, சஸ்கட்டூனில் மெயின்டனன்ஸ் பிளானர் வேலைக்குப் போட்டேன், கிடைத்தது. என் திறமை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். விலை ஏறாமல் இருந்திருந்தால் இன்னும் மிசிசாகாவில்தான் இருந்திருப்பேன். செப்டம்பரில் அதே கொரோலா, அதே 3,000 கிலோமீட்டர். ப்ளக்கை நான் கழற்றவே இல்லை, சோம்பேறித்தனம்தான். அந்த வருடம் நவம்பரிலேயே தேவைப்பட்டது.

பொங்கல் ஹாலில் அந்தப் பையனின் நம்பரை இன்னொருவரிடம் வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு மெசேஜ் போட்டேன், நான் யார், எப்போது ஓடினேன், எந்த மாதிரி வேலைகளுக்கு இங்கிருந்து ஆள் எடுக்கிறார்கள் என்று. ராத்திரி மூன்று மணிக்குப் பதில் வந்தது. "அண்ணா, ஷிப்ட்ல இருக்கேன். ஞாயித்துக்கிழமை கூப்பிடட்டுமா?"

கூப்பிட்டான். மதுரைப் பக்கம், எலக்ட்ரிக்கல், ஏழு வருட அனுபவம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். அவன் முதலில் கேட்டது வேலையைப் பற்றி இல்லை. "அண்ணா, இங்க கார் இன்ஷூரன்ஸ் ஏண்ணா இவ்ளோ வருது?"