டிக்கெட்டோடு விற்கும் கார்பன் ஆஃப்செட்: மூன்று வெள்ளிக்கு என்ன கிடைக்கும்?

பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து சென்னை, திருச்சி என்று டிக்கெட் போடும் நேரம். சில இணையத்தளங்களில் பணம் கட்டும் பக்கத்தில் ஒரு கட்டம் வரும்: இன்னும் சில வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தால் உங்கள் பயணத்தின் கரியமிலவாயுவை ஈடுகட்டிவிடுவார்களாம். டிக் செய்யலாமா? நன்கொடையாக நினைத்துத் தாராளமாகச் செய்யுங்கள். பறந்த கணக்கு நேராகிவிட்டது என்று மட்டும் நம்பாதீர்கள்.

ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமிலவாயு வரும். சென்னைக்கு நாலு மணி நேரம். சிறிய ரக விமானம் மணிக்கு இரண்டரை டன் குடிக்கிறது என்று வைத்தால் 10 டன் எரிபொருள், 31 டன் சொச்சம் வாயு. 170 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 185 கிலோ, போக வர 370. ஆஃப்செட் என்று விற்பது கார்பன் கிரெடிட்டைத்தான், அதாவது ஒரு டன் வாயுவைக் குறைத்ததாகத் தரும் சான்றை. அதன் உலகச் சராசரி விலை 2023இல் டன்னுக்கு ஆறரை அமெரிக்க டாலர் அளவில்தான் இருந்தது. உங்கள் பங்கு மூன்று வெள்ளி சொச்சம். இங்கே பெரிய ஆலைகள் 2026இல் கட்டும் கரிம வரியோ டன்னுக்கு 45 வெள்ளி. அந்த விலையில் போட்டால் 16 வெள்ளியைத் தாண்டும்.

இவ்வளவு மலிவு எப்படி? பெரும்பாலான கிரெடிட் காற்றிலிருந்து எதையும் எடுப்பதில்லை. “நாங்கள் இல்லாவிட்டால் இத்தனை காடு அழிந்திருக்கும்” என்று ஓர் அனுமானக் கோடு போடுவார்கள். கோடு உயர உயர விற்கக் கிரெடிட் கூடும். போடுவது திட்டக்காரர், தணிக்கையாளருக்குக் காசு கொடுப்பதும் அவரே! ஆறு நாடுகளில் 26 காட்டுத் திட்டங்களை ஆராய்ந்து 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரை, எதிர்பார்த்த கிரெடிட்டில் சுமார் 6 சதவீதத்துக்கே உண்மையான குறைப்பு இருப்பதாகக் கணக்கிட்டது.

விறகு மிச்சம்பிடிக்கும் அடுப்பைக் கொடுத்துக் கிரெடிட் விற்கும் திட்டம் கேட்க நன்றாக இருக்கும். புது அடுப்பு வந்தாலும் பழைய அடுப்பு பக்கத்திலேயே எரிகிறது. எப்போதாவது ஒருமுறை வீட்டுக்காரரிடம் “தினமும் பயன்படுத்துகிறீர்களா?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். வெட்டிய விறகில், காட்டில் மீண்டும் வளர்ந்து ஈடாகாத பங்கையும் உள்ளதைவிட அதிகமாகக் காட்டுகிறார்கள். எல்லாம் சேர்ந்து, ஆராய்ந்த திட்டங்களில் கிரெடிட் ஒன்பது மடங்கு ஊதியிருந்தது என்றது 2024இல் வந்த ஓர் ஆய்வு. எரிவாயு, மின்சார அடுப்பில் மீட்டர் வைத்து அளந்த திட்டங்கள் பரவாயில்லை.

காடே உண்மையாகக் காக்கப்பட்டாலும் அது நிற்க வேண்டும். 2015இல் புகைமூட்டம் வந்து பள்ளிகளை மூடியது நமக்கு மறக்காது. இந்தோனேசியாவின் கலிமந்தான், சுமத்ரா கரிச்சதுப்பு நிலம் எரிந்த புகை அது. தீ ஒரு வறட்சியில் எடுத்துக்கொள்வதை நூற்றாண்டுகள் காற்றில் நிற்கும் வாயுவுக்கு ஈடு என்று எப்படிச் சொல்வது? விமானம் விட்டுப்போகும் வெண்கோடுகள் பூமியில் கூட்டும் வெப்பம் இந்தக் கணக்கில் பெரும்பாலும் வருவதே இல்லை.

எனக்குப் பிடித்தது அரசாங்கம் 2025 நவம்பரில் அறிவித்த பசுமை எரிபொருள் கட்டணம். தெற்காசியப் பயணத்துக்கு எக்கானமியில் 2.80 வெள்ளி, பிசினஸ் வகுப்பில் நாலு மடங்கு. ஏறக்குறைய அதே மூன்று வெள்ளிதான், ஆனால் பழைய சமையல் எண்ணெய் போன்றவற்றில் செய்த எரிபொருள் வாங்கப் போகிறது. விமான எரிபொருளில் இதன் பங்குக்குத் தொடக்க இலக்கு 1 சதவீதமே என்பது குறைதான்.

அப்படியும் ஆஃப்செட் வாங்குவதென்றால், திட்டத்தின் பெயரைக் கேட்டு வாங்கி கிரெடிட்டைப் பதிவு செய்யும் அமைப்புகளான வெர்ரா, கோல்ட் ஸ்டாண்டர்ட் ஆகியவற்றின் பதிவேட்டில் தேடுங்கள். கிரெடிட் எந்த ஆண்டுக்குரியது, வரிசை எண் ‘ரிட்டயர்’ ஆகியிருக்கிறதா, அதாவது பயன்படுத்தியாயிற்று என்று குறித்து முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆகாவிட்டால் அதையே இன்னொருவருக்கும் விற்கலாம். பெரிய சூரிய மின்நிலையம் என்றால் தவிர்த்துவிடுங்கள், கிரெடிட் பணம் இல்லாமலேயே இன்று அவை லாபத்தில் ஓடும். நேரடி விமானம் கிடைத்தால் கோலாலம்பூர் வழியாகச் சுற்றிப் போகாதீர்கள். ஏறும்போதுதான் எரிபொருள் அதிகம் எரியும்.